லேயர், குரூப் குழப்பம்: பூட்டி வைத்த அடுக்குதான் லேபிளில் காணாமல் போனது

பர்கூர்_வரைகலை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பர்கூர் அருகே ஒரு மகளிர் சுயஉதவிக் குழு தயாரிக்கும் மாங்காய்த் தொக்குக்கு லேபிள் வரைந்து கொடுக்கிறேன். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளின் 1.2 பதிப்பில் வேலை. சரக்கு கிருஷ்ணகிரி, ஓசூர் கடைகளோடு நிற்பதில்லை; ஆந்திராவின் குப்பம் ஊருக்கும் பெங்களூருக்கும் போகிறது. அதனால் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று மொழியில் லேபிள் வேண்டும்.

கோப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று லேயர், அதாவது அடுக்கு, வைத்திருந்தேன். அடியில் வெளிர்மஞ்சள் தளமும், கிளிமூக்கு மாங்காய்க் கொத்து ஓவியமும். நடுவில் சட்டப்படி இருந்தே ஆக வேண்டியவை: 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், சைவத்துக்கான பச்சைச் சதுரமும் அதற்குள் பச்சை வட்டமும், நிகர எடை. மேலே பெயரும் மற்ற எழுத்துகளும். நடு லேயர் கை தவறியும் அசையக் கூடாது என்று பூட்டி வைத்தேன்.

தமிழ் லேபிள் நன்றாக முடிந்தது. கோப்பை வேறு பெயரில் சேமித்துத் தெலுங்குக்கு மாற்றினேன். தெலுங்குப் பெயர் நீளம். ஓவியமும் எழுத்தும் சற்று இடப்பக்கம் போனால்தான் பார்வைக்குச் சரியாக இருக்கும் என்று தோன்றியது. கண்ட்ரோல், ஆல்ட், ஏ மூன்றையும் அழுத்தி எல்லா லேயரிலும் இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். கண்ட்ரோல் ஜி அழுத்தி ஒன்றாகக் கட்டிக் குரூப் ஆக்கினேன். 2 மில்லிமீட்டர் நகர்த்தினேன். பிறகு குரூப்பைப் பிரித்தேன். தளம் நான்கு ஓரத்திலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டிருந்ததால் அது நகர்ந்ததில் பாதகமில்லை. உரிம எண் இருந்த மூலை நகர வேண்டியதே இல்லை, அது பூட்டியபடியே இருந்தது. கன்னட லேபிளைத் தெலுங்குக் கோப்பிலிருந்தே செய்தேன்.

அச்சாகி வந்த பிறகு பாட்டிலில் ஒட்ட உட்கார்ந்தோம். குழுவில் மூத்த அம்மா ஒருவர் தமிழ் லேபிளையும் தெலுங்கு லேபிளையும் அருகருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "பச்சைப் புள்ளியைக் காணோமே அம்மா" என்றார். தெலுங்கிலும் கன்னடத்திலும் வலப்பக்கக் கீழ்மூலை வெறும் மஞ்சளாக இருந்தது. உரிம எண்ணும் இல்லை, எடையும் இல்லை. தெலுங்கு 250, கன்னடம் 250, ஆக 500 ஸ்டிக்கர் வீண். பணம் அவர்களுடைய சேமிப்பிலிருந்து போனது. அதுதான் எனக்கு மனம் ஆறவில்லை.

கோப்பைத் திறந்து பார்த்தால் அந்த நடு லேயர் அப்படியே இருக்கிறது, லேயரைக் காட்டவும் மறைக்கவும் உள்ள கண் குறியும் திறந்துதான் இருக்கிறது. நான் எதையும் அழிக்கவில்லை. பிறகு எப்படி மறைந்தது? மூன்று மொழி லேபிளுக்கு லேயர்களை எப்படி அடுக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஓசூர்_லேபிள்

சகோதரி, நீங்கள் எழுதிய வரிசையிலேயே விடை இருக்கிறது.

ஒரு குரூப் ஒரே ஒரு லேயரில்தான் இருக்க முடியும். வெவ்வேறு லேயரில் கிடப்பவற்றைச் சேர்த்துக் குரூப் ஆக்கினால், அவற்றுள் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ அதனுடைய லேயருக்கு இங்க்ஸ்கேப் அனைத்தையும் கொண்டுபோய்விடும். உங்கள் கோப்பில் மேலே இருந்தது எழுத்து. எனவே அடியில் கிடந்த வெளிர்மஞ்சள் தளமும் எழுத்து லேயருக்கு ஏறிவிட்டது. பூட்டிய லேயர் தேர்வில் சேராது. அது இருந்த இடத்திலேயே நின்றது. இப்போது வரிசையைப் பாருங்கள்: கீழே காலியான லேயர், நடுவில் உரிம எண், அதன்மேல் மஞ்சள் தளம், அதன்மேல் ஓவியம், எழுத்து. உரிம எண் எங்கும் போகவில்லை. மஞ்சள் தளத்துக்கு அடியில் கிடக்கிறது.

குரூப்பைப் பிரித்தால் அவை பழைய லேயருக்குத் திரும்பிப் போகா. எந்த லேயருக்குள் வந்து சேர்ந்தனவோ அங்கேயே சிதறிக் கிடக்கும்.

நான் புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு டிபன் கேரியரைக் காட்டித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். லேயர் என்பது கேரியரின் அடுக்கு. குரூப் என்பது அடுக்குக்குள் வைத்த பொட்டலம். மூன்று அடுக்கிலிருந்தும் பொருளை எடுத்து ஒரே பொட்டலமாகக் கட்டினால் அந்தப் பொட்டலத்தை ஏதாவது ஓர் அடுக்கில்தான் வைத்தாக வேண்டும். பொட்டலத்தை அவிழ்த்தாலும் சோறு தானாகச் சோற்று அடுக்குக்குப் போகாது.

இது இங்க்ஸ்கேப்பின் குறை அல்ல. இல்லஸ்ட்ரேட்டரிலும் வெவ்வேறு லேயர்ப் பொருள்களைக் குரூப் ஆக்கினால் மேல் லேயரில்தான் போய் உட்காரும். கோரல்டிராவிலும் குரூப் ஆனவை ஒரே லேயருக்குள் வந்துவிடும்.

இன்னொன்று. நகர்த்துவதற்குக் குரூப்பே தேவையில்லை. பல பொருள்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு அம்புக்குறி விசையை அழுத்தினால் அவை சேர்ந்தேதான் நகரும், அவரவர் லேயரில் இருந்தபடியே. கண்ட்ரோல் ஜி அழுத்துவது பலருக்குக் கைப்பழக்கம் ஆகிவிட்டது. தற்காலிகமாகச் சேர்த்து நகர்த்தத் தேர்வு போதும். நாளைக்கும் அடுத்த மாதமும் சேர்ந்தே இருக்க வேண்டியவற்றுக்குத்தான் குரூப்.


அரூர்_ஃபிளக்ஸ்

ஓசூர் அண்ணன் சொன்ன காரணம் சரி. ஆனால் இந்த இழையைப் படிக்கும் சின்னக் கடைக்காரர்கள் "இனி எல்லாக் கோப்புக்கும் எட்டு லேயர் போட வேண்டும்" என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

நான் கோரல்டிராவில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு ஃபிளக்ஸ் முடிக்கிறேன். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கும்பாபிஷேகம், தீர்த்தமலைத் திருவிழா. வாடிக்கையாளர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டே "தாய்மாமன் படத்தை மேலே தூக்குங்கள், சித்தப்பா பெயரைச் சேருங்கள்" என்கிறார். அந்த ஃபிளக்ஸின் ஆயுள் மூன்று நாள். அதற்கு லேயர் வைத்துப் பெயர் சூட்டிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது.

நான் செய்வது இதுதான். பின்னணி ஒரு குரூப். குடும்பப் படங்கள் ஒரு குரூப். வாழ்த்துவோர் பெயர்கள் ஒரு குரூப். உள்ளே ஒன்றை மட்டும் திருத்த வேண்டுமென்றால் கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு சொடுக்கினால் குரூப்பைப் பிரிக்காமலே அதைத் தொடலாம். ஒரே லேயர். அதனால் சகோதரிக்கு நேர்ந்தது எனக்கு நேர வழியே இல்லை. லேயர் வைத்ததால்தானே அந்தச் சிக்கல் வந்தது?


காவேரிப்பட்டணம்_திரைஅச்சு

அரூர்த் தம்பி, ஃபிளக்ஸுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். ஃபிளக்ஸ் இயந்திரம் நான்கு நிறத்தையும் தானே பிரித்துக்கொள்கிறது. என் வேலையில் பிரிப்பது நான்.

லேயர் என்ற சொல்லைக் கேட்கும் முன்பே நான் லேயரில்தான் வேலை செய்தேன். நிறத்துக்கு ஒரு தாள். மாதிரிப் படத்தின் மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்துச் சிவப்பு வர வேண்டிய இடத்தை மட்டும் கறுப்பு மையால் வரைவோம். அடுத்த தாளில் பச்சை. எல்லாத் தாளிலும் மூலையில் கூட்டல் குறி ஒரே இடத்தில் விழ வேண்டும். அந்தக் குறி ஒரு மயிரிழை தப்பினால் இலை ஒரு பக்கம், காம்பு ஒரு பக்கம். கணினி வந்த பிறகு தாளுக்குப் பதில் லேயர். வேறு எதுவும் மாறவில்லை.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததிலிருந்து துணிப்பை அச்சுதான் என் பட்டறையில் பெரும்பாலும். மஞ்சள் பையில் சிவப்பு எழுத்து, பச்சைக் கரை, நடுவே ஏதாவது ஒரு படம். இரண்டு நிறம், இரண்டு திரைச் சட்டகம், அவற்றுக்கு இரண்டு பாசிட்டிவ், அதாவது நிறத்துக்கு ஒன்றாகக் கறுப்பில் எடுக்கும் ஒளி ஊடுருவும் தாள். கோப்பில் "சிவப்பு", "பச்சை" என்று இரண்டு லேயர் இருந்தால் ஒன்றின் கண்ணை மூடி மற்றதை வெளியே எடுக்க இரண்டு நிமிடம். கூட்டல் குறிகள் மட்டும் தனி லேயர். அது எந்தப் பாசிட்டிவ் எடுத்தாலும் கூடவே வர வேண்டும்.

போன மாதம் ஒரு கோயில் அன்னதானப் பைக்கு வெளியிலிருந்து ஒரு கோப்பு வந்தது. ஒரே லேயர். உள்ளே குரூப், அதற்குள் குரூப், அதற்குள் இன்னொரு குரூப். தாமரை ஒரு குரூப், அதில் இதழ் சிவப்பு, இலை பச்சை. பெயர்ப் பட்டை ஒரு குரூப், அதில் கரை பச்சை, எழுத்து சிவப்பு. வரைந்தவர் கண்ணுக்கு அது சரிதான். தாமரை என்பது ஒரு பொருள், பட்டை என்பது ஒரு பொருள். எனக்கு வேண்டியது தாமரை அல்ல, சிவப்பு. சாயங்காலம் முழுதும் ஒவ்வொன்றாக உரித்தெடுத்தேன். பச்சையும் சிவப்பும் தொடும் இடத்தில் துணியின் மஞ்சள் எட்டிப்பார்க்காமல் இருக்க வெளிர் நிறத்தைக் கொஞ்சம் விரித்து மற்ற நிறத்துக்கு அடியில் நுழைக்க வேண்டும். இரண்டும் ஒரே குரூப்பில் பின்னிக் கிடந்தால் அந்த வேலையைத் தொடங்கவே முடியாது.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். கோப்பு அடுத்து யார் கைக்குப் போகிறது? அவருக்கு எது தனியாக வேண்டுமோ அதை லேயர் ஆக்குங்கள். உங்களுக்கு எது சேர்ந்து நகர வேண்டுமோ அதைக் குரூப் ஆக்குங்கள்.


பர்கூர்_வரைகலை

ஓசூர் அண்ணா, காரணம் புரிந்துவிட்டது, நன்றி. இப்போதுதான் கோப்பில் மஞ்சள் தளத்தைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட், பேஜ் டவுன் அழுத்தி ஒவ்வொரு லேயராகக் கீழே இறக்கிப் பார்த்தேன். கடைசி லேயருக்குப் போனதும் மூலையில் பச்சைப் புள்ளி தெரிந்தது. இரண்டு வாரமாக அது அங்கேயே இருந்திருக்கிறது.

ஐயா சொன்னதைப் படித்ததும் ஒரு சந்தேகம். என் ஓவியத்தில் மட்டும் ஆறு மாங்காய், பதினான்கு இலை. ஒவ்வொரு மாங்காய்க்கும் உடல், நிழல், பளபளப்பு, காம்பு. இதற்குள்ளும் லேயர் வைப்பதா?


நடுகல்_கோடு

வேண்டாம் என்பேன். மாங்காய்க்கு ஒரு குரூப், கொத்துக்கு ஒரு குரூப், அவ்வளவு போதும். அதற்குமேல் ஆழம் போனால் நீங்களே உள்ளே வழிதவறுவீர்கள்.

நான் அச்சுத் துறையில் இல்லை. பென்னாகரம் பக்கம் பள்ளி ஆசிரியை. விடுமுறை நாள்களில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் நிற்கும் நடுகற்களைப் படம் எடுத்து இங்க்ஸ்கேப்பில் கோட்டோவியமாக வரைகிறேன். லேயரின் அருமை எனக்கு அங்கேதான் தெரிந்தது.

ஒரு கல்லைச் சொல்கிறேன். மூன்று நிலையாகச் செதுக்கிய கல். கீழ்நிலையில் வீரன் வாளோடு நிற்கிறான், எதிரே குதிரை. நடுநிலையில் இரண்டு பெண்கள் அவனைத் தோள் பற்றி மேலே அழைத்துப் போகிறார்கள். மேல்நிலையில் அவன் இலிங்கத்தின் முன் அமர்ந்திருக்கிறான். மழையும் வெயிலும் பட்டுக் குதிரையின் முன்னங்கால் தேய்ந்துவிட்டது. காலையில் ஆறரை மணிக்குச் சாய்ந்த வெயில் விழும்போது அந்தக் கால் மடங்கியிருப்பது போலத் தெரிகிறது. பத்து மணிக்கு நேர் வெயிலில் கால் இருந்த அடையாளமே இல்லை.

முதலில் எல்லாக் கோட்டையும் ஒரே லேயரில் வரைந்தேன். குதிரை ஒரு குரூப், வீரன் ஒரு குரூப். பார்க்க அழகாக இருந்தது. கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். "இந்தக் கால் கல்லில் இருக்கிறதா, நீங்களாக வரைந்ததா?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்ணால் தெளிவாகக் கண்டதும், இருக்கலாம் என்று ஊகித்ததும் ஒரே தடிமனில், ஒரே கறுப்பில் கலந்துவிட்டன. மறுபடி கல்லுக்கே போக வேண்டியதாயிற்று.

இப்போது என் கோப்பில் அடியிலிருந்து மேலே இப்படி இருக்கும். காலைப் படம், 40 சதவீதம் மங்கலாக்கிப் பூட்டியது. மாலைப் படம், அதுவும் பூட்டியது. கல்லின் வெளிவிளிம்பு. "தெளிவான கோடு". "ஐயமான கோடு", இது புள்ளிக்கோடாக. "எழுத்து", வட்டெழுத்து இருந்தால் அதற்கு மட்டும். கடைசியாக அளவுகோல். குதிரையின் மூன்று கால் தெளிவான கோட்டில் இருக்கிறது. நான்காவது ஐயமான கோட்டில். குதிரை என்ற உருவம் இரண்டு லேயரில் பிரிந்து கிடப்பது முதலில் எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் யாராவது கேட்டால் ஐயமான கோட்டின் கண்ணை மூடிவிட்டு, கல் சொல்வது இவ்வளவுதான் என்று காட்ட முடிகிறது.

பர்கூர் சகோதரிக்குச் சொல்ல வந்தது இதுதான். குதிரையைக் குரூப் ஆக்க என் கை துறுதுறுத்தது. ஆக்கியிருந்தால் நான்காவது கால் மற்ற மூன்றோடு ஒரே லேயரில் விழுந்திருக்கும். உங்களுக்கு மஞ்சள் தளம் ஏறியது போல, எனக்கு ஊகம் ஏறி உண்மையோடு உட்கார்ந்திருக்கும்.

ஒரு சிறு எச்சரிக்கை. ஒரு குரூப்பை இரட்டைச் சொடுக்குப் போட்டு உள்ளே நுழைந்தால், இங்க்ஸ்கேப் அந்தக் குரூப்பையே அப்போதைய லேயராக எடுத்துக்கொள்ளும். வெளியே வர மறந்து புதிதாக ஏதாவது வரைந்தால் அதுவும் குரூப்புக்குள் போய்விடும். வேறு லேயரில் உள்ள பொருளைத் தொட்டாலும் அப்போதைய லேயர் அதற்கு மாறிவிடும். கோடு போடும் முன் கீழே நிலைப்பட்டையில் லேயர் பெயரைப் பார்த்துவிடுங்கள்.


அரூர்_ஃபிளக்ஸ்

ஆசிரியர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் வயலில் நிற்கும் கல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். அதில் இவ்வளவு பார்க்க இருக்கிறது என்று இன்றுதான் தெரிகிறது.

மூன்று நாள் ஃபிளக்ஸுக்கு ஒரே லேயர் போதும் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் மறுபடி மறுபடி வரும் வேலைக்கு அது போதாது என்று ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் ஆண்டுதோறும் வரும் திருவிழாக் கோப்பு ஒன்று இருக்கிறது. சென்ற ஆண்டின் நன்கொடையாளர் பெயர்களை அழிக்க மனமில்லாமல் தனி லேயரில் வைத்துக் கண்ணை மூடியிருந்தேன். திரையில் தெரியவில்லை. 10க்கு 8 அடி ஃபிளக்ஸ் அச்சாகி வந்தபோது புதிய பெயர்களின் மேல் பழைய பெயர்களும் விழுந்திருந்தன. நான் வைத்திருப்பது கோரல்டிரா எக்ஸ்7. அதில் லேயரின் கண் குறி வேறு, பிரிண்டர் குறி வேறு. கண்ணை மூடினால் நமக்கு மட்டும்தான் மறையும். பிரிண்டர் குறியையும் அணைத்தால்தான் அச்சிலும் ஏற்றுமதியிலும் வராது. ஒரே லேயரில் வேலை செய்து பழகியவனுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "அன்குரூப் ஆல்" பொத்தானைத் தொடாதீர்கள். அது உள்ளே உள்ள எல்லாக் குரூப்பையும் ஒரே அடியில் உடைத்துவிடும். ஒருமுறை மயில் படம் ஒன்றில் அதை அழுத்தினேன். முந்நூறுக்கு மேல் துண்டு. கண்ட்ரோல் யூ அழுத்தி ஒரு நிலை மட்டும் பிரிப்பதே நல்லது.


ஓசூர்_லேபிள்

இப்போது மூன்று மொழிக் கேள்விக்கு வருகிறேன்.

முதலில் நான் சொல்ல நினைத்தது ஒரே கோப்பு, மொழிக்கு ஒரு லேயர் என்பது. அடியில் தளம், அதன்மேல் ஓவியம், அதன்மேல் தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று லேயர், எல்லாவற்றுக்கும் மேலே சட்ட விவரம், அதற்கும் மேலே வெட்டுக்கோடு. வேண்டிய மொழியின் கண்ணைத் திறந்து மற்ற இரண்டையும் மூடி ஏற்றுமதி செய்வது. இங்க்ஸ்கேப்பில் மறைத்த லேயர் ஏற்றுமதியில் வராது, அதனால் கோரல்டிராவில் அரூர்த் தம்பிக்கு வந்த சிக்கல் இங்கே வராது.

சட்ட விவரத்தை எழுத்துக்கு மேலே வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எதனால் எது மறைந்தாலும் அது மட்டும் மறையக் கூடாது. உங்கள் கோப்பில் அது நடுவில் இருந்தது. மேலே இருந்திருந்தால், எல்லாம் குரூப் ஆகி இடம் மாறியிருந்தாலும் பச்சைப் புள்ளி தெரிந்திருக்கும்.


காவேரிப்பட்டணம்_திரைஅச்சு

மொழிக்கு ஒரு லேயர் வைத்துக் கண்ணைத் திறந்து மூடும் முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரவு பத்து மணிக்கு அவசரமாகக் கேட்பார்கள். ஒரு கண்ணை மூட மறந்தால் கன்னடத்தின் மேல் தெலுங்கு. இரண்டு எழுத்தும் உருண்டை உருண்டையாக இருக்கும். அந்த மொழி தெரியாத நமக்குச் சிறு எழுத்தில் சட்டென்று கண்ணில் படாது. மொழிக்கு ஒரு கோப்பு வைப்பதே பாதுகாப்பு.


ஓசூர்_லேபிள்

ஐயா சொல்வது நியாயம். ஆனால் மூன்று கோப்பு வைத்தால் உரிம எண்ணையோ எடையையோ மாற்றும்போது மூன்று இடத்தில் மாற்ற வேண்டும். ஒன்றில் விட்டுப்போகும். இரண்டு ஆபத்தும் இல்லாத வழி ஒன்று இருக்கிறது.

இங்க்ஸ்கேப் 1.2இல்தான் ஒரே கோப்பில் பல பக்கம் வைக்கும் வசதி வந்தது. மூன்று பக்கம் போடுங்கள். முதல் பக்கத்தில் தளத்தையும் ஓவியத்தையும் ஒரு குரூப் ஆக்குங்கள். இவை இரண்டும் ஒரே லேயரில் இருப்பதால் குரூப் ஆக்குவதில் ஆபத்து இல்லை. அதைத் தேர்ந்தெடுத்து ஆல்ட் டி அழுத்தினால் குளோன் கிடைக்கும். குளோன் என்பது நகல் அல்ல. மூலத்தில் எதை மாற்றினாலும் அதிலும் மாறும். இரண்டு குளோன் எடுத்து இரண்டாம், மூன்றாம் பக்கத்தில் வையுங்கள். சட்ட விவரத்தையும் அதன் லேயரிலேயே குரூப் ஆக்கி, அதே போல இரண்டு குளோன். எழுத்து மட்டும் பக்கத்துக்குப் பக்கம் தனி. லேயர் கோப்பு முழுவதற்கும் பொது என்பதால் மூன்று பக்கத்துத் தளமும் ஒரே லேயரில், மூன்று பக்கத்துச் சட்ட விவரமும் ஒரே லேயரில் இருக்கும். பிடிஎஃப் எடுத்தால் மூன்று பக்கமாக வரும். கண்ணைத் திறந்து மூடும் வேலையே இல்லை.

கோரல்டிராவில் செய்பவர்களுக்கு இதே பயன் மாஸ்டர் லேயரில் கிடைக்கும். அதில் வைத்தது எல்லாப் பக்கத்திலும் தோன்றும்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அச்சகத்துக்கு அனுப்பும்போது எழுத்தை வளைகோடாக மாற்றிவிடுவோம், இல்லையென்றால் அங்கே எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாக வரும். மாற்றிய பிறகு ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. அதனால் அனுப்பும் கோப்பு வேறு, வைத்துக்கொள்ளும் கோப்பு வேறு. வளைகோடாக மாற்றுவதை அனுப்பும் பிரதியில் மட்டும் செய்யுங்கள். பழைய பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால் அந்த எழுத்துருவின் பெயரையும் "குறிப்பு" என்ற லேயரில் எழுதி வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்துத் திறக்கும்போது என்ன எழுத்துரு என்று தேடி நான் வீணாக்கிய நேரம் அதிகம்.


நடுகல்_கோடு

அந்தக் குறிப்பு லேயரைப் பற்றி ஒன்று. மறைத்த லேயர் ஏற்றுமதியில் வராது என்பது உண்மை. ஆனால் இங்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்விஜி கோப்பையே ஒருவருக்கு அனுப்பினால் மறைத்ததும் கூடவே போகும். திறப்பவர் கண்ணைத் திறந்து படித்துவிடலாம். விலைக் கணக்கு, வாடிக்கையாளரின் தொலைபேசி எண் போன்றவற்றைக் கோப்புக்குள் எழுதாதீர்கள்.

குரூப்பும் லேயரும் இவ்வளவு எளிதாகக் குழம்புவதற்கு ஒரு காரணம் கோப்பின் உள்ளேயே இருக்கிறது. எஸ்விஜி என்பது உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2001இல் வெளியிட்ட தரம். அதில் குரூப்புக்கு ஒரு குறி உண்டு. இங்க்ஸ்கேப் காட்டுவது போன்ற லேயருக்குத் தனிக் குறி இல்லை. இங்க்ஸ்கேப் அதே குரூப் குறியை எடுத்து, இது லேயர் என்று தன் பங்குக்கு ஓர் அடையாளம் சேர்த்து வைக்கிறது. எஸ்விஜியை உரைத் திருத்தியில் திறந்தால் இதை நேரே பார்க்கலாம். லேயருக்கு வைத்த தமிழ்ப் பெயரும் அதில் அப்படியே இருக்கும். கோப்பில் முதலில் எழுதியது அடியில், பின்னால் எழுதியது மேலே. சகோதரியின் மஞ்சள் தளம் கோப்பில் சில வரிகள் தள்ளிப் போய் எழுதப்பட்டது, அவ்வளவுதான் நடந்தது.

லேயருக்குத் தமிழிலேயே பெயர் வையுங்கள். "லேயர் 1", "லேயர் 2" என்று மென்பொருள் தருவதை விட்டுவைத்தால் ஆறு மாதத்தில் உங்களுக்கே புரியாது.


பர்கூர்_வரைகலை

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். வேலை முடிந்த பிறகே எழுத வேண்டும் என்று இருந்தேன்.

ஓசூர் அண்ணன் சொன்ன மூன்று பக்க முறையில் கோப்பைப் புதிதாகக் கட்டினேன். லேயர்கள் அடியிலிருந்து: "தளம் ஓவியம்", "எழுத்து", "சட்டம்", "வெட்டுக்கோடு". குறிப்பு லேயர் வைக்கவில்லை, தேவைப்படவில்லை. மாங்காய் ஒவ்வொன்றும் ஒரு குரூப், ஆறும் சேர்ந்து "கொத்து" என்ற குரூப். அதற்குக் கீழே எதுவும் இல்லை. இலைகளைக் குரூப் ஆக்காமலே விட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்தின் நீளத்துக்கு ஏற்ப இரண்டு இலையை வேறு இடத்தில் வைக்க வேண்டியிருந்ததால் அவை குளோனில் சேரவில்லை.

இடையில் குழுவினர் பாட்டிலை மாற்றினார்கள். 200 கிராம் 250 கிராம் ஆயிற்று. முதல் பக்கத்தில் ஓர் எண்ணை மாற்றினேன். இரண்டாம் பக்கத்துக்குப் போனேன், மாறியிருந்தது. மூன்றாம் பக்கத்திலும் மாறியிருந்தது. எண்ணும் அலகும் மட்டும் என்பதால் மூன்று மொழிக்கும் அது பொது. முந்தைய முறையில் இதற்கு மூன்று கோப்பைத் திறந்திருப்பேன்.

ஒரே ஓர் இடத்தில் தடுமாறினேன். குளோனைச் சொடுக்கி எழுத்தைத் திருத்தப் பார்த்தேன், முடியவில்லை. ஷிஃப்ட் டி அழுத்தினால் மூலத்துக்குக் கொண்டுபோகும் என்று பிறகு கண்டுபிடித்தேன். குளோன் பயன்படுத்துபவர்களுக்கு இது உதவும்.

அச்சுக்கு அனுப்பும் முன் மூன்று பக்கத்தையும் சாதாரணத் தாளில் எடுத்து, வெட்டிப் பாட்டிலில் சுற்றி, குழுவினரிடம் கொண்டுபோனேன். பச்சைப் புள்ளியைத் தேடிய அதே அம்மா மூன்றையும் வாங்கினார். பெயரைப் படிக்கவில்லை, ஓவியத்தைப் பார்க்கவில்லை. மூன்றின் வலப்பக்கக் கீழ்மூலையிலும் கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டு, உரிம எண்ணைத் தமிழ் லேபிளோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டார். பிறகுதான் தலையசைத்தார். தெலுங்கும் கன்னடமும் வாசிக்கத் தெரிந்த இரண்டு பேர் அவரவர் லேபிளைச் சரிபார்த்தார்கள்; கன்னடத்தில் ஒரு கால் குறி விட்டுப்போயிருந்ததைப் பிடித்தார்கள்.

நேற்று 500 ஸ்டிக்கரும் வந்துவிட்டன. இந்த முறை அச்சுக் கூலியை நான் ஏற்றுக்கொண்டேன். அவர்கள் வேண்டாம் என்று சொல்லியும் நான் கேட்கவில்லை.

காவேரிப்பட்டணம் ஐயாவுக்கு ஒரு கேள்வி. அடுத்து இதே ஓவியத்தைத் துணிப்பையில் இரண்டு நிறத்தில் கேட்கிறார்கள். மாங்காயின் நிழலும் பளபளப்பும் இரண்டு நிறத்தில் வருமா?


காவேரிப்பட்டணம்_திரைஅச்சு

பளபளப்பை விட்டுவிடுங்கள் அம்மா. அந்த இடத்தில் துணியின் மஞ்சளே தெரியட்டும், அதுதான் பளபளப்பு. நிழலைப் பச்சையோடு சேர்த்துத் தட்டையாக்குங்கள். பச்சை ஒரு லேயர், சிவப்பு ஒரு லேயர், மூலைக் குறி ஒரு லேயர். குளோன்களை எல்லாம் மூலத்திலிருந்து விடுவித்துவிட்டு, குரூப் எதுவும் இல்லாமல் பிடிஎஃப்பாக அனுப்புங்கள். முதல் பாசிட்டிவ் எடுத்ததும் படம் அனுப்புகிறேன்.